குளியலறையில் யாரும் வழுக்கி விழவில்லை

என் கணவர் ரமிரோ குளியலறையில் வழுக்கி விழவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில், அப்டன் பார்க் மரக்கறிக் கடையில் நிற்கும்போதும், கோயில் வாசலில் செருப்புத் தேடும்போதும் யாராவது ஒருவர் வந்து என் தோளில் கைவைத்து, "உங்கடை மனிசன் பாத்ரூமிலை விழுந்தவராம், இப்ப எப்பிடி?" என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்குமுன் அடுத்தது வருகிறது. "உங்கடை தம்பியின்ரை குத்துச்சண்டையும் நிண்டு போச்சாமே. நாங்கள் டிக்கெட் எல்லாம் எடுத்து வைச்சிருந்தனாங்கள்." இந்த இரண்டாவது பேச்சில்தான் அவர்களுக்கு உண்மையான துக்கம் இருக்கிறது. சண்டையை நிற்பாட்டியவள் நான் என்றும் ஒரு கதை பிளேஸ்டோவிலிருந்து சவுத்தால் வரை போயிருக்கிறது.

ரமிரோ இப்போது நடக்கிறார், பேசுகிறார், தேத்தண்ணீருக்குச் சீனி போதாது என்று முகம் சுளிக்கிறார். ஆகவே உட்கார்ந்து எழுத எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது. கோபம் ஆறிய பிறகு எழுது என்றார் என் சிநேகிதி. அது ஆறுகிற மாதிரி இல்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ரமிரோ மெக்சிக்கோவின் வடக்கே, பாலைவனத்தை ஒட்டிய ஒரு ஊர்க்காரர். குத்துச்சண்டை வீரர். சிறுவனாக இருக்கும்போதே சந்தை மைதானத்தில் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் சில்லறை எறிவார்களாம், அதைப் பொறுக்கித் தகப்பன் குடிப்பாராம். அவர் இடக்கைக்காரர். அந்த இடக்கை எங்கிருந்து வருகிறது என்று எதிராளிக்குத் தெரியாது என்று பழைய வீடியோக்களில் ஆங்கில வர்ணனையாளர்கள் கத்துவதை நானே கேட்டிருக்கிறேன். இருபது வயதில் அவர் உலகப் பட்டத்துக்குப் போவார் என்று எழுதினார்கள். போகவில்லை. முகாமையாளர் ஒருவர் அவருடைய ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு விற்றார், அந்த இன்னொருவர் மூன்றாமவருக்கு விற்றார். எடையைக் குறைக்க நாட்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருந்து, மேடையில் கால் பின்னி விழுந்தார். பிறகு தண்ணீருக்குப் பதிலாக வேறொன்றைக் குடித்தார். மணமுடித்த பெண் போய்விட்டாள். சிறையில் சில மாதங்கள். கையில் இருந்த வித்தை மட்டும் போகவில்லை. அது போயிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு.

லண்டனுக்கு அவர் தோற்பதற்கென்று அழைத்து வரப்பட்டவர். இங்கே சின்ன மண்டபங்களில் நடக்கும் குத்துச்சண்டையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீரர் தன் டிக்கெட்டைத் தானே விற்கவேண்டும். யாருக்குச் சனம் அதிகமோ அவருக்காகத்தான் மேடை போடுவார்கள். டிக்கெட் வாங்க ஆளில்லாதவரை எதிர்மூலைக்குக் கூப்பிடுவார்கள். அவர் நன்றாகச் சண்டை பிடித்துவிட்டு, ஒழுங்காகத் தோற்று, ரயிலேறிப் போகவேண்டும். ரமிரோவுக்கு இந்த நாட்டில் டிக்கெட் வாங்க ஒருவருமில்லை. அன்று உள்ளூர்ப் பொடியனை அவர் மேடை முழுக்க ஓட ஓட அடித்தார். நடுவர் உள்ளூர்ப் பொடியனின் கையைத் தூக்கினார்.

அந்த மண்டபத்தில் நாங்கள் இருந்தோம், ஏனென்றால் என் தம்பி கஜன் அந்த மேடையைப் போட்ட ஜிம்மில்தான் குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தான். வெளியே படிக்கட்டில், ஒரு கண் மூடி வீங்கிப்போய், ரமிரோ தனியாக இருந்தார். அம்மா எங்கே போனாலும் கைப்பையில் பொரித்த ரோல்ஸ் கொண்டுபோகிறவர். நேரே போய் ஒரு ரோல்ஸை எடுத்து நீட்டினார். "தின்னுங்கோ தம்பி. நீங்கள்தான் வெண்டனீங்கள். எனக்குக் கண் தெரியும்." ரமிரோவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தின்றார். இன்னொன்று கேட்டுக் கையை நீட்டினார். என் கலியாணம் அப்படித் தொடங்கியது.

அவர் தமிழ் பழகியது அம்மாவின் குசினியில். "ஓம் மாமி", "ஏலாது மாமி", போதும் என்பதற்குக் "காணும் மாமி." குடியை விட்டார். சண்டை உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. இனிப் போட்டி இல்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்தார், அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். ஜிம்மில் ஒரு வேலை கிடைத்தது. கஜன் இப்போது தொழில்முறை வீரனாகி வளர்ந்துகொண்டிருந்தான். அவனோடு ஸ்பாரிங் செய்வதுதான் அந்த வேலை.

ஸ்பாரிங் என்றால் போட்டிக்குத் தயாராகிறவரோடு ஜிம்முக்குள் நின்று சண்டை பிடிப்பது. தலைக்கவசம் உண்டு, கையுறை பெரியது. வெற்றி தோல்வி இல்லை, பார்க்க வருகிறவர்கள் இல்லை, ஒரு இடத்திலும் பதிவதில்லை. அந்த உலகத்தில் அதைச் சண்டை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தலைக்கவசம் போட்டால் தலைக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பினேன். கவசம் புருவம் கிழியாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது எப்படித் தடுக்கும்? இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டியவர்கள் அதில்தான் பிழைக்கிறார்கள்.

கஜன் எனக்கு மிகவும் இளையவன். அவனுக்குச் சோறு தீத்தி, ஊட்டி வளர்த்தவள் நான். அவன் மேடையேறத் தொடங்கியதும் எங்கள் சனம் காட்டிய உற்சாகத்தைச் சொல்லத்தான் வேண்டும். "நீங்கள் எங்கடை பிள்ளையின்ரை அரங்கேற்றத்துக்கு வந்தனீங்கள், நாங்கள் உங்கடை பிள்ளையின்ரை சண்டைக்கு வாறம்" என்று பட்டுச்சேலையும் அட்டியலுமாக அன்ரிமார் குத்துச்சண்டை மண்டபத்துக்கு வந்தார்கள். கஜனின் டிக்கெட் விற்ற வேகத்தைப் பார்த்து ஜிம் முதலாளி டெரியின் கண்கள் விரிந்தன. இந்த வருடம் அவனுக்குப் பட்டப் போட்டி வந்தது. எதிராளி இடக்கைக்காரன். இடக்கைக்காரனோடு மோதிப் பழக இன்னொரு இடக்கைக்காரன் வேண்டும். ரமிரோவை விட நல்ல இடக்கைக்காரன் லண்டனில் எங்கே கிடைப்பான்? அதுவும் வீட்டுக்குள்ளேயே. மாதக்கணக்காக, கிழமைக்கு நாலைந்து நாள், இரண்டு பேரும் கயிற்றுக்குள் நின்றார்கள்.

தலையிடி வந்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க. குடும்ப வைத்தியர் கேட்டார், "தலையில் ஏதாவது அடிபட்டதா?" ரமிரோ இல்லை என்றார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. கடைசியாகப் போட்டியில் அடி வாங்கி வருடங்களாகிவிட்டன, அவரைப் பொறுத்தவரை அடி என்றால் அதுதான். பக்கத்தில் இருந்த எனக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. ஒற்றைத் தலைவலி என்று குளிசை கொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தியெடுத்தார், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. அவசரப் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த இளம் வைத்தியர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இது எந்த இடம், எந்த மாதம், எப்படி இங்கே வந்தீர்கள், விரலால் மூக்கைத் தொடுங்கள், நேராக நடவுங்கள். ரமிரோ எல்லாவற்றுக்கும் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார், கோடு போட்டது போல நடந்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். குத்துச்சண்டையில் ஒருவர் விழுந்து எழும்பினால் மேடையோரம் நிற்கும் வைத்தியர் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்கான பதில்களை மேடையேறுமுன்பே மனதில் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்களாம். மூளை கலங்கினாலும் வாய் சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காக. தலைக்குள் ரத்தத்தோடு அவர் அந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கி வீட்டுக்கு வந்தார்.

அடுத்த கிழமை ஒருநாள் காலையில் தேத்தண்ணீர்க் கோப்பை அவர் வலது கையிலிருந்து விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ என்பது போல. சுகி என்று என் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். வந்தது ஒரு சத்தம், பெயரில்லை. நான் போனில் அம்புலன்ஸுக்கு விலாசம் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. வந்தவர்கள், நீங்கள் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரரும் வெளியே வந்துவிட்டார் என்றார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். நோயின் பெயர் நீளமானது, எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். மூளையைச் சுற்றித் தடித்த உறை ஒன்று இருக்கிறது. மூளைக்கும் அந்த உறைக்கும் இடையில் மெல்லிய நாளங்கள் ஓடுகின்றன. தலை திரும்பத் திரும்பக் குலுங்கும்போது அவை அறுந்து ரத்தம் கசியும். கசிந்த ரத்தம் போக இடமில்லாமல் அங்கேயே தேங்கி, மெதுமெதுவாக மூளையை ஒரு பக்கம் தள்ளும். ரமிரோவுக்கு இடது பக்கத்தில் தேங்கியிருந்தது. பேச்சும் வலது கையும் அந்தப் பக்கத்தின் பொறுப்பு. மண்டையோட்டில் துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றவேண்டும், உடனே, என்றார்கள். ஒப்புதலைக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

காத்திருக்கும் அறை எங்கள் சனத்தால் நிரம்பியது. அம்மா ஃபிளாஸ்க்கோடும் இடியப்பத்தோடும் வந்து என் வாயில் ஒரு பிடி வைத்தார். பெரியம்மா என் கால்களைப் பிடித்துவிட்டார். யாரோ ஒருவர் கார்த் தரிப்பிடக் கட்டணத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மெக்சிக்கோவிலிருந்து ரமிரோவின் அக்கா போன் எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கட்ட எதை விற்கவேண்டும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். இங்கே கட்டத் தேவையில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மறைக்காதே என்று அழுதார். இதுதான் என் கோபத்துக்கு இருக்கும் கஷ்டம். நான் திட்டவேண்டிய ஆட்கள்தான் எனக்குச் சோறு கொண்டுவந்தார்கள்.

கஜனும் டெரியும் ஜிம் உடுப்போடு வந்தார்கள். நான் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது மூலையில் டெரி அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார், கஜன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். அம்மா என்னை இழுத்து இருத்தினார்.

"பிள்ளை, டொக்டர்மார் கேட்டால் பாத்ரூமிலை வழுக்கி விழுந்தவர் எண்டு சொல்லு."

"ஆர் விழுந்தது?"

"மெல்லக் கதை. ஜிம்மிலை நடந்தது எண்டு போனால் விசாரணை வருமாம். தம்பியின்ரை சண்டையை நிப்பாட்டிப் போடுவாங்களாம். ரமிரோவுக்கு எப்பிடியும் வைத்தியம் செய்யத்தானே போயினம். என்னெண்டு வந்தது எண்டதிலை என்ன கிடக்கு? சண்டை முடியும் மட்டும் பொறு."

"அம்மா, உள்ளுக்கு அவரின்ரை மண்டையைத் துளைக்கிறாங்கள்."

"எனக்குத் தெரியாதே? நான் பெறாத பிள்ளை அவர்" என்று சொல்லி அம்மா அழுதார். அழுகை பொய்யில்லை. சொன்ன பொய்யும் பொய்யாக அவருக்குப் படவில்லை. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் செய்ய முடிகிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அறுவைச் சிகிச்சை முடியுமுன்பே குளியலறைக் கதை வாட்ஸப்பில் டொரோண்டோ வரை போய்விட்டது. அங்கிருந்து என் மச்சாள், பாத்ரூமுக்குள் ரப்பர் விரிப்புப் போடும்படி புத்தி சொல்லி அனுப்பினாள்.

அறுவைச் சிகிச்சைக் குழுவில் மீனா என்று ஒரு வைத்தியர் இருந்தார், மதுரைப் பக்கத்துக்காரர். வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, இரண்டு நாள் தலையில் குழாய் இருக்கும், படுத்தபடியே இருக்கவேண்டும் என்று தமிழில் சொன்னார். தமிழைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. எதிரில் இருப்பவர் தமிழ் பேசினால் அவர் நம் வீட்டு ஆள், நமக்காக ஒன்றிரண்டு விஷயத்தை மாற்றி எழுதுவார்.

"மகள், நீங்களும் தமிழ்தானே" என்று அம்மா அவர் கையைப் பிடித்தார். "பாத்ரூமிலை வழுக்கினவர் எண்டு எழுதிவிடுங்கோ."

மீனா கையை உருவிக்கொள்ளவில்லை. "நான் தமிழ்தாம்மா. ஆனா ஸ்கேன்ல இருக்கறத நான் மாத்த முடியாது. கருப்பா இருந்தா பழைய ரத்தம், வெள்ளையா இருந்தா புதுசு. இவருக்கு ரெண்டும் கலந்து கிடக்கு. ஒரு தடவை விழுந்தா இப்படி வராது. உங்க மருமகன் வாரா வாரம் பாத்ரூம்ல விழுந்திருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவசரமில்ல. ஆனா என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். இன்னொரு அடி பட்டா இவரு திரும்ப வரமாட்டாரு."

அந்தக் கடைசி வசனத்தை நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு அதுதான் முக்கியம். ரமிரோ மறுபடி அந்தக் கயிற்றுக்குள் போகக்கூடாது. மற்றவர்களுடைய பட்டம், பதவி, டிக்கெட் எல்லாம் எனக்குக் குப்பை.

வார்டில் ஒவ்வொரு மணித்தியாலமும் தாதிகள் வந்து அவரை எழுப்பினார்கள். கண்ணில் வெளிச்சம், விரலை இறுக்கிப் பிடியுங்கள், காலைத் தூக்குங்கள், இது எந்த இடம். "லண்டன். ஆஸ்பத்திரி" என்பார் ஆங்கிலத்தில், கண்ணைத் திறக்காமலே. பக்கத்தில் இருக்கும் என்னைக் காட்டி இது யார் என்று கேட்டால் யோசிப்பார். ஒருமுறை என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார், பஸ்ஸில் இடம்விட்ட ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பது போல. நான் வார்டுக்கு வெளியே போய்ச் சுவரில் தலையைச் சாய்த்து அழுதேன். பயத்தில் அழுதேன், அதைவிட ஆத்திரத்தில் அழுதேன்.

அந்தப் பழகிய பதில்களைத் தவிர வேறு பேச்சு அவருக்கு மூன்றாம் நாள் பின்னேரம்தான் திரும்பியது. தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. வந்தது அவருடைய ஸ்பானிஷ். அது எனக்குத் தெரியாது. காய்ச்சலும் இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார், கெஞ்சுகிற குரலில். அவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. கட்டிலின் மறுபக்கத்தில் கஜன் இருந்தான், தொப்பியைப் புருவம் வரை இறக்கிப் போட்டுக்கொண்டு. வார்டுக்குள்ளும் ஸ்டைலா என்று அதற்கும் அவன்மேல் எரிந்துவிழுந்திருந்தேன். அந்த நேரம் மருந்து ஏற்ற வந்த தாதி ஸ்பெயின்காரி, பெயர் இசபெல். அவர் ஊசியை வைத்துவிட்டு நின்று கேட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்றேன்.

"மச்சான், இன்றைக்குத் தலையில் வேண்டாம். அதைத்தான் சொல்கிறார். மச்சான், இன்றைக்குத் தலையில் வேண்டாம்." இசபெல் எங்கள் இருவரையும் பார்த்தார். "மச்சான் யார்?"

  கஜன் எழும்பி வெளியே போனான். நான் பின்னால் போனேன். குளிர்பான இயந்திரத்தடியில் அவனைப் பிடித்தேன்.

"சொன்னவரோ? தலையிலை வேண்டாம் எண்டு உன்னட்டைச் சொன்னவரோ?"

"அக்கா, லிசன். ஸ்பாரிங் எண்டா அப்பிடித்தான். எவ்ரிபடி டஸ் இட்."

"சொன்னவரோ இல்லையோ?"

"சொன்னவர்." குரல் உள்ளே போய்விட்டது. "டெரி சொன்னார், அத்தான் சும்மா சொல்லுறார், அவருக்கு வயசு போட்டுது, நீ நிப்பாட்டாதை எண்டு. எனக்குப் பைட் வருது அக்கா. நான் என்ன செய்ய?"

கையை ஓங்கினேன். அவன் விலகவில்லை, தடுக்கவில்லை, கண்ணை மட்டும் மூடினான். அடி வாங்க ஆயத்தமாக நிற்பது அவனுக்குப் பழக்கம். கை தானாக இறங்கியது. "உனக்குச் சோறு தீத்தின கையடா இது" என்றேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து நான் அவனோடு கதைக்கவில்லை. அவன் தினமும் வந்தான். ரமிரோவின் போர்வையைச் சரிசெய்வான், ஆரஞ்சை உரித்து நார் எடுத்து வைப்பான், என்னைப் பாராமல் போவான்.

ரமிரோ கொஞ்சம் கொஞ்சமாக எழும்பினார். முதலில் சுவரைப் பிடித்து நடந்தார், பிறகு பிடிக்காமல் நடந்தார். ஆங்கிலம் வந்தது, கடைசியில் தமிழும் வந்தது. அம்மா கரைத்துக் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துவிட்டு "காணும் மாமி" என்றபோது, அந்த வார்டிலேயே அம்மா ஓவென்று அழுதார். நானும் அழுதேன். அந்த நிமிடம் மட்டும் நான் யாரோடும் கோபமாக இல்லை.

வீட்டுக்கு வந்து தையல் ஆறுவதற்குள் அவர் கதவடியில் ஜிம் பையை வைத்தார்.

"எங்கை?" என்றேன்.

"கஜனுக்கு இடக்கைக்காரன் வேணும். சண்டைக்குக் கனநாள் இல்லை. நான் மெல்லமாத்தான். கையை மட்டும் காட்டுவன்."

"மண்டையிலை ஓட்டை கிடக்கு ரமிரோ!"

"அது மூடும்" என்றார், சைக்கிள் டியூப்பைப் பற்றிச் சொல்வது போல. பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கவுன்சில் குப்பைத் தொட்டியில் போட்டேன். பின்னேரம் பார்த்தால் அது மறுபடியும் கதவடியில் இருந்தது, கழுவித் துடைத்தபடி. டெரி போன் எடுத்து, உன் புருஷன் எங்கள் குடும்பத்தில் ஒருவர், அவர் எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும் என்றார். அந்தக் கதவை மூடச் சொல்லி நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எழுதினால் அம்மா வாசிப்பார்.

பட்டப் போட்டிக்குச் சற்று முன்னதாக மீனாவிடம் திரும்பப் போகும் நாள் வந்தது. கிளம்பும்போது அம்மா வாசலில் மறித்தார். "பிள்ளை, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். அவனுக்கு இது ஒருக்காத்தான் வரும்." நான் அவரைத் தாண்டிப் போனேன். காரை ஓட்டியவன் கஜன், வேறு ஆள் கிடைக்கவில்லை.  கூரைவெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவன் தொப்பியை இறக்கியபடியே எங்களோடு உள்ளே வந்து, சுவரோரக் கதிரையில் இருந்தான்.

மீனா தையலைப் பார்த்தார், கை பலத்தைப் பார்த்தார். "இப்ப சொல்லுங்க. என்னதான் நடந்துச்சு?"

சொன்னேன். ஒன்றும் விடவில்லை. ஸ்பாரிங், எத்தனை மாதம், தலைக்கவசம், டெரி, குளியலறை, காத்திருக்கும் அறையில் என் தாய் சொன்னது, இசபெல் கேட்டது. "இவன்தான் அடிச்சவன்" என்று கஜனை விரலால் காட்டினேன். "என்ரை தம்பி. வேண்டாம் எண்டு கெஞ்சக் கெஞ்ச அடிச்சவன்."  கஜன் தலையை நிமிர்த்தவில்லை. மீனா எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியது இதுதான், இனி ஒருவரும் ரமிரோவைக் கயிற்றுக்குள் விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

ரமிரோ மேசையில் மெதுவாகத் தட்டினார்.

"டொக்டர், சுகி சொன்னது எல்லாம் சரி. ஒண்டை விட்டிட்டாள்." நிதானமாக, சொல் தேடித் தேடிப் பேசினார். "நானும் அடிச்சனான்."

எனக்கு விளங்கவில்லை. ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. அந்தக் கயிற்றுக்குள் இரண்டு பேர் நின்றார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத இடக்கை ஒன்று அங்கே இருந்தது. அத்தனை மாதமும் அது சும்மா தொங்கிக்கொண்டா இருந்தது? அதற்காகத்தானே டெரி அவரை வேலைக்கு வைத்தார்.

"அவன் ஒண்டு அடிச்சால் நான் ரண்டு" என்றார் ரமிரோ. "என்ரை தலையைப் பாத்தனீங்கள். அவன்ரை தலையையும் பாருங்கோ."

மீனா கதிரையைத் திருப்பினார். "தலைவலி இருக்காப்பா?"

"இல்லை, ஐ'ம் குட். போன வருசம் லைசன்ஸுக்கு ஸ்கேன் எடுத்தது. கிளியர்."

"போன வருஷம். தொப்பிய எடு."

அவன் எடுத்தான். ஜன்னல் பக்கம் முகம் திரும்பியதும் கண்கள் இடுங்கின. மீனா கேட்கத் தொடங்கினார். இது என்ன இடம், இன்றைக்கு என்ன கிழமை, எந்த மாதம், இங்கே எப்படி வந்தாய்? கஜன் ஒரு கணமும் தயங்காமல் பட்டுப் பட்டென்று சொன்னான். எல்லாம் சரி. மீனாவின் முகம் தளர்ந்தது. 

ரமிரோ தலையை ஆட்டினார்.

"அதைக் கேக்காதேங்கோ டொக்டர். அந்தப் பதில் எல்லாம் நான்தான் அவனுக்குப் பழக்கினனான்."

மீனா பேனாவை மூடிவைத்துவிட்டு ஸ்கேன் பிரிவுக்குப் போன் எடுத்தார். கஜன் என்னைப் பார்த்தான். "தலையிடி கொஞ்சம் இருக்கு அக்கா" என்றான். "கனநாளா இருக்கு." அவன் கை கதிரைப் பக்கமாக நீண்டு என் கையைத் தேடியது. கொடுத்தேன், கோபத்தோடுதான்.